ஆலும் அருகும்: பள்ளித் தோட்டத்தில் எதை நடுவது?



பள்ளி வளாகத்தை அழகுபடுத்துவது என்ற பேச்சு எழுந்தாலே இரு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. மரம் நட வேண்டும் என்பது ஒரு கட்சி. மரம் வேண்டாம், புல்லும் புல்போன்ற செடிகளும் போதும், அவைதாம் விரைவில் பசுமை காட்டும், குப்பையும் விழாது என்பது மற்றொரு கட்சி. பத்தாண்டுகளுக்கு முன்பு நான் இரண்டாம் கட்சியில் இருந்தேன். இன்று இல்லை. ஏன் மாறினேன் என்பதைச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

நான் அப்போது பணியாற்றியது கெடா மாநிலத்தில், தோட்டப்புறத்தை ஒட்டிய ஒரு தமிழ்ப்பள்ளி. சபைகூடும் இடத்தின் மேற்குப் புறத்தில் தோட்டக் காலத்துப் புளியமரம் ஒன்று நின்றது. புளியின் இலை மிகச் சிறியது. துடைப்பத்தில் அகப்படாது, கால்வாயைத்தான் அடைக்கும். அந்தப் பக்கத்தைத் துப்புரவு செய்யும் பொறுப்பு என் வகுப்புக்கு. 2015ஆம் ஆண்டில் நடந்த ஒரு கூட்டத்தில், மரத்தை அகற்றிவிட்டுப் புல்தரை போட்டுப் பூந்தொட்டிகள் வைக்கலாம் என்ற கருத்து வந்தது. ஆதரித்துக் கையுயர்த்தியவர்களில் நானும் ஒருத்தி.

அவ்வாண்டு தொடங்கிய எல் நினோ, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் நம்மை வாட்டியது. 2016 மார்ச்சில் வெப்பம் மிகுந்து பெர்லிசிலும் கெடாவின் சில மாவட்டங்களிலும் பள்ளிகளையே மூட வேண்டியதாயிற்று. எங்கள் புதிய புல்தரை சில வாரங்களில் வைக்கோல் நிறமாயிற்று. தொட்டிச் செடிகள் அதற்கும் முன்பே காய்ந்தன. ஒருநாள் ஓய்வு நேரத்தில், முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் நீர்த்தொட்டியின் நிழலில் ஒட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டேன். அந்த நிழல் இரண்டடி அகலம்கூட இல்லை. நிழல் நகர நகரப் பிள்ளைகளும் நகர்ந்தார்கள். வறட்சியைத் தாங்கும் மரத்தை வெட்டிவிட்டு, தாங்காத புல்லை நாங்கள் நட்டிருந்தோம்.

அதன் பிறகுதான் இதைப்பற்றிப் படிக்கவும், கேட்கவும், நட்டுப் பார்க்கவும் தொடங்கினேன்.

மரமும் புல்லும் தாங்கும் வகை

தொல்காப்பியர் மரபியலில் தாவரங்களை இரண்டாகப் பிரிக்கிறார். உள்ளே வயிரம் பாய்ந்தது மரம். வெளியே வயிரம் கொண்டது புல். இதன்படி மூங்கிலும் தென்னையும் பனையும் புல்லினம். நம் தோட்டங்களை நிறைத்திருக்கும் செம்பனையும் அவ்வாறே. இன்றைய தாவரவியலும் தென்னையையும் மூங்கிலையும் புல்லையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்று ஒரே பெரும்பிரிவில்தான் வைக்கிறது.

இந்தப் பிரிவினை தேர்வுக்கு மட்டும் உரியதன்று, தோட்டத்துக்கும் பயன்படும். மரம் ஆழத்தை நம்பி வாழ்கிறது. மேல்மண் காய்ந்தாலும் அடிமண்ணின் ஈரத்தை வேர் தேடிச் செல்லும். நுனிக்கிளை காய்ந்தால் பக்கக்கிளை துளிர்க்கும். புல் தாழ்வை நம்பி வாழ்கிறது. அருகின் முளைக்கும் இடம் தரையோடு தரையாகவும் மண்ணுக்குள்ளும் கிடக்கிறது. மேலே உள்ளது காய்ந்தாலும் ஒரு மழை பெய்தால் மீண்டும் பச்சை வந்துவிடும். ஆகவே கோடையில் பழுத்த புல்லெல்லாம் செத்த புல் அன்று. பதறிப்போய்ப் பெயர்த்தெறிந்துவிட்டுப் புதிதாக வாங்கிப் போடுவது வீண் செலவு.

மரங்களில் எவை?

நம் நாட்டுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே வறட்சியை மட்டும் தாங்கினால் போதாது. அதே மரம் ஆண்டின் பிற்பகுதியில் கொட்டும் மழையையும் தாங்க வேண்டும்.

வேம்பு: வறட்சிக்கு இதைப்போல் ஏற்ற மரம் குறைவு. ஆனால் தேங்கும் நீர் இதற்கு ஆகாது. மழைக்குப் பின் நீர் நிற்கும் பள்ளத்தில் நடாதீர்கள். மேட்டு நிலத்தில் நடுங்கள்.

புங்கம்: வறட்சி, நீர்த்தேக்கம் இரண்டையும் பொறுக்கும். நம் கடற்கரைகளில் இயல்பாக வளர்வதும் இதுவே. நல்ல நிழல் தரும். ஆனால் விதை நச்சுத்தன்மை உடையது. வாயில் வைக்கக்கூடாது என்று சிறு பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

புளி: மெதுவாக வளரும். ஆழ வேரூன்றும். காற்றுக்கு எளிதில் முறியாது. என் கட்சி மாறியதற்குக் காரணமான மரம் என்பதால் அதிகம் புகழாமல் விடுகிறேன்.

முருங்கை: போத்து நட்டாலே வளரும், வறட்சியைத் தாங்கும். ஆனால் கிளை மளுக்கென்று முறியும். பிள்ளைகள் நடக்கும், ஏறும் இடத்தில் வேண்டாம். வேலியோரத்துக்கு ஏற்றது.

புல்லினத்தில் எவை?

பள்ளித் திடல்களில் பெரும்பாலும் காணப்படும் அகன்ற இலைப் புல்லை 'கௌ கிராஸ்' என்பர். அதன் வேர் ஆழமில்லை. வறட்சியில் விரைவில் வாடும். ஆனால் ஓரளவு நிழலைத் தாங்கும். அருகு இதற்கு நேர்மாறு. வெயிலில் நிலைக்கும், மிதிபட்டாலும் மீளும், ஆனால் நிழலில் மெலிந்து மறையும். திறந்த வெளிக்கு அருகு, மர நிழலோரம் கௌ கிராஸ் என்று இடமறிந்து வளர்த்தால் இரண்டும் பயன் தரும்.

சரிவான நிலத்துக்கு வெட்டிவேரே முதலிடம். இதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேர்கீழாக இறங்கும். நல்ல மண்ணில் 3 மீட்டர் வரை செல்லும். சரிவின் குறுக்கே 15 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக நட்டால் மண் அரிப்பைத் தடுக்கும் உயிர்வேலியாகும்.

செராய் எனப்படும் எலுமிச்சைப்புல் ஓரளவு வறட்சியைப் பொறுக்கும், சிற்றுண்டிச்சாலைக்கும் உதவும். செராய் நட்டால் கொசு வராது என்பது மட்டும் தவறான நம்பிக்கை. செடி சும்மா நிற்பதால் கொசு ஓடுவதில்லை. கொசுவை ஒழிக்கத் தேங்கிய நீரை அகற்றுவதே வழி. பாண்டான் பார்ப்பதற்குப் புல்போன்றதே ஆயினும் ஈரம் விரும்பி. வறண்ட மூலைக்கு ஆகாது. தொட்டி வைத்தே தீர வேண்டும் என்போர், தடித்த இலையில் நீர் சேர்த்துக்கொள்ளும் மருளை வைக்கலாம். தொட்டியில் உள்ள வேருக்கு வேறு போக்கிடம் இல்லாததால் மற்ற செடிகள் அதில்தான் முதலில் காய்கின்றன.

வறட்சி தாங்கும் மரமும் கன்றாக இருக்கையில் தாங்காது

பலரும் தவறுவது இங்கேதான். வறட்சியைத் தாங்குவது வேரூன்றிய மரமே. நேற்று நட்ட கன்று அன்று. முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் கன்றுக்கு நீர் வேண்டும். நாள்தோறும் ஒரு குவளை ஊற்றினால் வேர் மேலேயே தங்கிவிடும். வாரத்தில் இரண்டு முறை, மண் ஆழமாக நனையும்படி ஊற்றுவதே நன்று. நெகிழிப் பையில் நெடுநாள் கிடந்து வேர் சுருண்டுபோன பெரிய கன்றைவிட, வேர் சுருளாத சிறு கன்றே மேல். வெட்டிய புல்லைக் கன்றைச் சுற்றி மூடாக்காகப் பரப்புங்கள். ஆனால் தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள்.

நம் பள்ளிகளில் மரநடு விழாக்களுக்குப் பஞ்சமில்லை. படம் பிடிக்கிறோம், பெயர்ப்பலகை வைக்கிறோம். பிறகு ஆண்டிறுதி விடுமுறை வருகிறது. அதனையொட்டி வட மாநிலங்களில் வறண்ட மாதங்களும் வருகின்றன. பள்ளி திறக்கும்போது பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. ஏப்ரல் மே மழையில் நட்டால் கன்றுக்கு வறட்சிக்கு முன் சில மாதங்கள் கிடைக்கும். விடுமுறையில் யார் நீர் ஊற்றுவது என்பதைக் குழி தோண்டுவதற்கு முன்பே பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் முடிவு செய்ய வேண்டும். ஐந்து குடும்பங்கள் முறைவைத்துக்கொண்டால் போதும். ஆள் இல்லையென்றால் பத்துக் கன்றுக்குப் பதிலாக இரண்டு நடுவோம்.

என் கருத்து

மரமா புல்லா என்ற கேள்வியே பிழை. மணமக்களை வாழ்த்தும்போது ஆலையும் அருகையும் நாம் சேர்த்தே சொல்கிறோம். அவை செய்யும் வேலை வேறு வேறு. நிழல் தருவது மரம், மண்ணைப் பிடிப்பது புல். ஆனால் கையிருப்புப் பணமும் ஆள்பலமும் குறைவாக இருக்கும்போது எதற்கு முதலிடம் என்று கேட்டால், தயங்காமல் மரத்துக்கே என்பேன். காய்ந்த புல்லை அடுத்த மழையில் மீட்கலாம். வெட்டிய மரத்தின் நிழலை மீட்க இருபது ஆண்டுகள் ஆகும்.

மேற்கு வெயில் படும் வகுப்பறைகளின் பக்கம், கட்டடத்திலிருந்து 20 அடியாவது தள்ளி மூன்று நான்கு மரங்கள், சரிவில் வெட்டிவேர், திடலில் இருக்கும் புல் அப்படியே இருக்கட்டும். புதிய புல்தரைக்குச் செலவு வேண்டாம். இருக்கும் முதிய மரத்தை, இலை கொட்டுகிறது என்பதற்காக வெட்ட வேண்டாம். கிளை விழும் அச்சம் உண்மையானால், தெரிந்தவரை அழைத்துக் கிளையைக் கழிக்கலாம்.

"மரம் பெரிதாவதற்குள் என் பிள்ளை ஆறாம் ஆண்டு முடித்துப் போய்விடுவானே, டீச்சர்" என்று ஒரு தாயார் கேட்டார். உண்மைதான். நாங்கள் வெட்டிய புளியமரத்தை நட்டவரும் அதன் நிழலில் அதிக காலம் அமர்ந்திருக்கமாட்டார். அவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. எத்தனையோ ஆண்டுகள் அவர் மரத்தடியில் பிள்ளைகள் நின்றார்கள். ஒரே கூட்டத்தில் நாங்கள் அதை முடித்துவைத்தோம்.

அடுத்த கூட்டத்தில் மரத்தை வெட்டலாமா என்று யாரேனும் கேட்டால், கையை உயர்த்துவதற்கு முன் நண்பகலில் ஒருமுறை அம்மரத்தடியில் போய் நின்று பாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.