நேரலைச் செயலியும் வீட்டுக் கணினியும்

 

பிள்ளைகளின் படிப்பையும் இல்லற ஒழுங்கையும் பற்றி எழுதி வரும் இப்பக்கத்தில் இம்மாதம் கணினி நுழைந்துவிட்டது. மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் எண்ணலாம். நான் வரலாற்றில் பட்டம் பெற்றவன். கணினியின் வயிற்றுக்குள் இருப்பதை அறியாதவன் என்பது உண்மைதான். ஆனால் சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்தில் நேர்ந்த ஒன்று, தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் இதைக் கற்றுக்கொள்ளும்படி என்னை நிர்ப்பந்தித்தது. உங்கள் வீட்டிலும் கல்யாணம் வரும். கடல் கடந்து வாழும் உறவினர் ஒருவராவது இருப்பார். ஆகவே பொறுமையோடு படியுங்கள்.

என் லாத்தாவின் மூத்த மகளுக்கு வீட்டுப் பந்தலிலேயே நிக்காஹ் ஏற்பாடாகியிருந்தது. பெண்ணின் தகப்பனாரான என் மச்சான் தம்மாமில் இருக்கிறார். மூன்று முறை கேட்டும் விடுப்புக் கிடைக்கவில்லை. வலியாக நிற்க வேண்டியவர், தம் தம்பியை வகீலாக நியமித்துவிட்டு, "கண்ணாலாவது பார்க்க ஒரு வழி செய்யுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். கல்லூரியில் படிக்கும் மருமகன், "கவலைப்படாதீர்கள் வாப்பா, யூடியூப் நேரலையில் காட்டிவிடுகிறேன்" என்று வாக்களித்தான். அதற்கான இணைப்பை உறவினர் அனைவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பியும் விட்டான்.

செயலியைத் தேடியதோ முந்தைய நாள் இரவு! பிரியாணித் தேக்சா கழுவும் ஓசையும் விருந்தினர் வருகையுமாக வீடே அமளிப்பட்டுக் கொண்டிருந்தது. கூகுளில் செயலியின் பெயரை அடித்து, முதலாவதாக வந்ததைத் திறந்தான். அது பணம் கொடுத்துப் போட்ட விளம்பரம் என்பதைக் குறிக்கும் சிறு சொல் அதன் தலையிலேயே இருந்தது. நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. இறங்கிய கோப்பு 1234 என்னும் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருந்தது. "மாமா, ஆன்டி வைரஸை அணைத்துவிட்டுத் திறக்கும்படி எழுதியிருக்கிறது, அணைக்கட்டுமா?" என்று கேட்டான். "அணைத்தால்தான் வேலை ஆகும் என்றால் அணைத்துவிடு" என்று சொன்னவன் வேறு யாருமல்லன். மாதந்தோறும் உங்களுக்குப் புத்தி சொல்லும் நான்தான்.

கறுப்புச் சன்னல் ஒன்று கணநேரம் தோன்றி மறைந்தது. செயலி திறக்கவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டோம். சுப்ஹுத் தொழுகைக்கு எழுந்தபோது தம்மாமிலிருந்து அழைப்பு. "நிக்காஹ் இணைப்பைத் தொட்டால் எவனோ ஒருவன் கிரிப்டோ நாணயத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருக்கிறானே, என்ன இது?" மருமகனின் சேனலுக்குப் பெயரே மாறியிருந்தது, அவனால் தன் கணக்கிற்குள் நுழைய முடியவில்லை. வீட்டுப் பெண்களின் புகைப்படங்கள் பத்தாண்டுக் காலமாகச் சேர்ந்து கிடந்ததும் அதே கணக்கில்தான். அதைக் கேட்ட லாத்தா தலையில் கை வைத்து அமர்ந்த கோலம் இன்றும் என் கண்முன் நிற்கிறது. அச்சத்தில் வீட்டின் இணைய இணைப்பையே பிடுங்கிவிட்டோம். பந்தலில் கைப்பேசிச் சிக்னலோ வீடியோவுக்குப் போதவில்லை. மச்சான் தம் மகளின் நிக்காஹை, ஹஜ்ரத்தின் அருகே வைத்த கைப்பேசி வழியே காதால் மட்டும் கேட்டார்.

கடவுச்சொல்லை நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை. கைப்பேசிக்கு எண் வரும் இரட்டைச் சரிபார்ப்பும் இருந்தது. அப்படியிருக்கத் திருடன் எப்படி நுழைந்தான்? இதுதான் என்னை நெடுநாள் குடைந்த கேள்வி. பொருட்காட்சிக்குப் போகிறவர்களுக்கு வாயிலில் சீட்டைப் பார்த்துவிட்டுக் கையில் ஒரு முத்திரை குத்துவார்கள் அல்லவா? அதன்பின் வெளியே போய் மீண்டும் வந்தால் முத்திரையைக் காட்டினால் போதும். ஜிமெயிலும் யூடியூபும் அவ்வாறே. ஒருமுறை நம்மை விசாரித்த பிறகு, 'குக்கி' எனப்படும் முத்திரை ஒன்றை நம் உலாவியில் வைத்துவிடுகின்றன. போலிச் செயலி அந்த முத்திரையைப் பிரதியெடுத்து அனுப்பிவிடுகிறது. திருடன் அதைக் காட்டுகிறான். வாயிற்காவலன் கடவுச்சொல்லைக் கேட்பதே இல்லை.

இது எங்கள் வீட்டோடு நின்ற கதையன்று. யூடியூப் சேனல் வைத்திருப்போரிடம் இவ்விதம் முத்திரை திருடும் கூட்டங்களைப் பற்றிக் கூகுளின் பாதுகாப்பு ஆய்வுப் பிரிவு 2021 அக்டோபரில் விரிவாக வெளியிட்டது. 2019-இன் இறுதியிலிருந்தே அது நடந்து வந்திருக்கிறது. 2023 ஜனவரியில் ஓ.பி.எஸ். ஸ்டுடியோ என்னும் நேரலைச் செயலியின் பெயரிலேயே கூகுளில் போலி விளம்பரங்கள் வந்தன. அதே ஆண்டு மார்ச்சில், 1.5 கோடிக்கும் மேற்பட்ட சந்தாதாரர்களைக் கொண்ட கனடாவின் லைனஸ் டெக் டிப்ஸ் சேனல் களவு போயிற்று. கணினியைப் பற்றி உலகுக்கே பாடம் நடத்துகிறவர்கள் அவர்கள்! அங்கே ஊழியர் ஒருவர் திறந்தது, விளம்பர ஒப்பந்தம் போல் வேடமிட்டு வந்த கோப்பு.

இனி, எப்படிச் செய்திருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். முதலில், பார்க்கப்போகிறவர்கள் ஐந்தாறு பேர்தான் என்றால் நேரலையே வேண்டாம்; சாதாரண வீடியோ அழைப்புப் போதும். இதை அன்று யாராவது எங்களுக்கு நினைவூட்டியிருக்கலாம். ஐம்பது, நூறு பேர் பார்க்க வேண்டுமென்றால்தான் நேரலை. யூடியூபில் கைப்பேசியிலிருந்தே நேரலை செய்யச் சேனலுக்குக் குறைந்தது 50 சந்தாதாரர்கள் வேண்டும். கணினியிலிருந்து செய்ய அந்த நிபந்தனை இல்லை. கணினியில் பிரவுசரிலேயே யூடியூபைத் திறந்து, அதில் இணைத்த கேமரா வழியாக நேரலை செய்யலாம். எந்தச் செயலியையும் நிறுவத் தேவையில்லை. இரண்டு கேமரா, எழுத்து, படம் என்று கலந்து காட்ட விரும்பினால் மட்டுமே தனிச் செயலி.

அதற்குப் பலரும் நாடுவது மேலே சொன்ன ஓ.பி.எஸ். ஸ்டுடியோ. தமிழ்நாட்டில் இம்மூன்றெழுத்தைக் கேட்டவுடன் வேறொருவர் நினைவுக்கு வருவார். இது 'ஓப்பன் பிராட்காஸ்டர் சாஃப்ட்வேர்' என்பதன் சுருக்கம். 2012-இல் தோன்றியது, முற்றிலும் இலவசம். இலவசமான ஒன்றுக்குப் பணம் கேட்பவனும், 'கிராக் செய்த பதிப்பு' என்று தருபவனும் யார் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். இதைத் தேடுதளத்தில் தேடாதீர்கள். ஓ.பி.எஸ். ப்ராஜெக்ட் என்பதை ஆங்கிலத்தில் இடைவெளியின்றி எழுதி, டாட் காம் சேர்த்து, முகவரிப் பட்டையில் உங்கள் கையாலேயே அடியுங்கள். அல்லது விண்டோஸுடன் வரும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் எடுங்கள். விண்டோஸ் 7 கணினிக்கென்று புதிய பதிப்புத் தருவதாக யாரேனும் சொன்னால் நம்பவேண்டாம். 2022-இல் வந்த 28-ஆம் பதிப்போடு அதற்கான ஆதரவை அச்செயலியார் நிறுத்திவிட்டனர். விண்டோஸ் 10-க்குமே மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

பிகோ லைவ், டிக்டாக் முதலியவற்றைக் கணினியில் ஏற்றிக்கொள்ளலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். 2020 ஜூன் 29-ஆம் தேதி இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் இவ்விரண்டும் அடங்கும். முறையான கடையில் கிடைக்காத பொருளை முகந்தெரியாதவன் வீடு தேடி வந்து இலவசமாகத் தருகிறான் என்றால், அவனுக்கு அதில் என்ன ஆதாயம்?

கோப்பு இறங்கியதும் திறந்துவிட வேண்டாம். வைரஸ் டோட்டல் என்னும் இணையதளத்தில் அதை ஏற்றினால், எழுபதுக்கும் மேற்பட்ட வைரஸ் தடுப்பு நிறுவனங்களின் சோதனை முடிவைக் காசின்றிக் காட்டும். அங்கே 650 எம்.பி.க்கு மேற்பட்ட கோப்பை ஏற்ற முடியாது என்பதை அறிந்து, வெறும் குப்பையைத் திணித்துக் கோப்பை ஊதவைக்கும் திருடர்களும் உண்டு. கடவுச்சொல்லால் கோப்பைப் பூட்டுவதும், தடுப்பு மென்பொருள் உள்ளே எட்டிப் பார்க்காதிருக்கவே. அதையும் தாண்டி, ஆன்டி வைரஸை அணைக்கச் சொல்பவன், வீட்டுக்குள் வருமுன் நாயைக் கட்டிப்போடச் சொல்கிறவன். அந்த இரவில் எங்களுக்கு அது உறைக்கவில்லை.

நிறுவத் தொடங்கியதும், இச்செயலி கணினியில் மாற்றம் செய்ய அனுமதிக்கலாமா என்று விண்டோஸ் கேட்கும். நம்மில் பெரும்பாலோர் அதைப் படிப்பதே இல்லை. அதில் வெளியிட்டவர் பெயர் என்று ஒரு வரி இருக்கும். அங்கே செயலியைத் தயாரித்தவர்களின் பெயர் இல்லாமல், 'தெரியாதவர்' என்றோ தொடர்பில்லாத வேறு பெயரோ இருந்தால் 'இல்லை' என்பதை அழுத்துங்கள். 'ஆம்' என்ற ஒரு சொல்லில் முழுக் கணினியின் அதிகாரத்தையும் கொடுத்துவிடுகிறோம். நேரலைக்கென்று விண்டோஸில் தனிப் பயனர் கணக்கும், யூடியூபுக்கென்று தனி ஜிமெயிலும் வைத்துக்கொள்வது நல்லது. வங்கியும் குடும்பப் படங்களும் இருக்கும் கணக்கில் நேரலை கூடாது.

அடுத்து 'ஸ்ட்ரீம் கீ' என்னும் நீண்ட எழுத்துச் சரம். அது கிடைத்தவன் உங்கள் சேனலில் தன் காட்சியை ஓடவிடலாம். ஆகவே அதைப் படமெடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். வெளிப்பட்டுவிட்டால் யூடியூபிலேயே புதிதாக மாற்றிக்கொள்ள வழியுண்டு. ஒரு சேனலில் முதன்முறை நேரலைக்கு அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகும். முந்தைய இரவில் தொடங்குபவர்கள் தடுமாறுவது இங்கும்தான். காட்சியைப் 'பொது' என்று வைத்தால் உலகமே பார்க்கும். 'அன்லிஸ்டட்' என்று வைத்தால் இணைப்பு உள்ளவர்கள் பார்க்கலாம். ஆனால் அவ்விணைப்பை அவர்கள் வேறொருவருக்கு அனுப்புவதை நம்மால் தடுக்க முடியாது. எனவே பெண்கள் பகுதிக்குக் கேமராவைக் கொண்டுபோகவே வேண்டாம் என்பது என் கருத்து.

சகோதரிகள் இதையும் அறிந்திருக்க வேண்டும். கணினித் திரை முழுவதையும் காட்டும் வசதியைத் தேர்ந்தெடுத்தால், இடையில் வரும் வாட்ஸ்அப் செய்தியும் எல்லாருக்கும் தெரியும். வேண்டிய சன்னலை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். ஓ.பி.எஸ்.-இல் கணினியின் மைக் தானாகவே சேர்ந்துகொள்ளும். படம் பந்தலைக் காட்டிக்கொண்டிருக்க, கணினி இருக்கும் அறையின் பேச்சு கடல் தாண்டிப் போகும்.

எங்களைப் போல் சிக்கிக்கொண்டவர்கள் முதலில் அக்கணினியை இணையத்திலிருந்து துண்டிக்க வேண்டும். கடவுச்சொல்லை அதே கணினியில் மாற்றாதீர்கள். புதியதும் திருடனுக்கே போய்ச் சேரும். வேறொரு கைப்பேசியில் கூகுள் கணக்கைத் திறந்து, பாதுகாப்புப் பகுதியில் உங்கள் சாதனங்கள் என்னும் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் வெளியேற்றி, கடவுச்சொல்லை மாற்றுங்கள். பிறகு விண்டோஸை அடியோடு அழித்துப் புதிதாக நிறுவுங்கள். பணம் போயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எங்கள் கணக்கு ஒன்பது நாள் கழித்துத் திரும்பியது. படங்களை அவன் பார்த்தானா இல்லையா என்பது லாத்தாவுக்கு இன்றுவரை விடை கிடைக்காத கேள்வி.

வருகிற மாதம் என் தம்பி மகளின் நிக்காஹ். மருமகன் மூன்று வாரத்திற்கு முன்பே செயலியை நிறுவி, நேற்று மாலை எனக்கு மட்டும் இணைப்பை அனுப்பிச் சோதித்தான். படம் தெளிவாகவே இருந்தது. மைக்கை மூட மறந்துவிட்டான் போலும். வாசலில் வந்த மீன்காரரிடம் லாத்தா நெய்மீனுக்கு விலை பேசியதை ஆதியோடந்தமாகக் கேட்டேன்.