பேச்சுப் போட்டித் தலைப்பில் யாருடைய கல்லூரி இருக்கிறது?

கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் திரும்பத் திரும்ப வரும் தலைப்புகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 'கைப்பேசி வரமா சாபமா?', 'கல்லூரிக் காலம் வசந்த காலமே', 'இளைஞர் கையில் நாளைய இந்தியா'. எந்தப் பக்கம் நின்று பேசினாலும் யாருக்கும் எதுவும் ஆகாது. நடுவர் சிரிப்பார், அரங்கம் கைதட்டும், சான்றிதழ் வீட்டுக்கு வரும். இந்தத் தலைப்புகளில் உலவுகிற மாணவருக்குச் சாதி கிடையாது, விடுதி கிடையாது, உதவித்தொகை விண்ணப்பம் கிடையாது. ஊர்த் தெரு, காலனி என்ற பிரிவும் அவருக்குத் தெரியாது.

கீழ்பென்னாத்தூரில் என்னிடம் பேச்சுப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு இவை எல்லாமே தெரியும். பெரும்பாலும் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவர்கள். திருவண்ணாமலைக்கோ செஞ்சிக்கோ தினமும் பேருந்தில் போய் வருகிறார்கள். பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டத்துக்கு நடுவே படிக்கட்டில்தான் இடம். தமிழ் வளர்ச்சித் துறை தலைவர்களின் பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் நடத்தும் போட்டியில் முதல் பரிசு 5,000 ரூபாய். இவர்களுக்கு அது பெரிய தொகை. அதனால், "அண்ணா, ஜெயிக்கிற மாதிரி ஒரு தலைப்பு சொல்லுங்க" என்று கேட்பதில் தவறில்லை. தலைப்பை நாமே தேர்ந்துகொள்ளலாம் என்று விடும் மேடைகளைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன்.

கேட்பவரின் மனத்தை மாற்றப் பேசுகிறோம் என்றால், தலைப்பை எடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இதை மறுக்கிறவர் ஒருவராவது இந்த அரங்கில் இருக்கிறாரா? கேட்டுவிட்டு எழுந்து போகிறவர் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? பேசாமல் விட்டால் இழப்பு யாருக்கு? 'சாதி ஒழிய வேண்டும்' என்பது முதல் கேள்வியிலேயே தோற்றுவிடும். கையில் சாதிக்கயிறு கட்டியிருப்பவரும் அதற்குக் கைதட்டுவார்.

பெரிய தலைப்பைவிடச் சின்னத் தலைப்புக்கு வலு அதிகம் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1943இல் கும்பகோணம் அரசுக் கல்லூரி விடுதியில் பார்ப்பன மாணவர்களுக்கு ஒரு தண்ணீர்ப்பானை, மற்றவர்களுக்கு வேறு பானை. அந்தப் பானையை முன்வைத்து எழுந்த சண்டைதான் தவமணிராசன் முதலான மாணவர்கள் கூடித் திராவிட மாணவர் கழகத்தைத் தொடங்கக் காரணமானது. வர்ணாசிரமம் என்று பொதுவாகப் பேசினால் நழுவிவிடலாம். பானை கண்முன்னே இருக்கிறது. ஒன்றாக வைப்பீர்களா மாட்டீர்களா என்று கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்றைய பானைகள் எவை? விடுதியில் தொடங்கலாம். 2023இல் தமிழ்நாடு அரசு நல விடுதிகளில் தங்கும் கல்லூரி மாணவருக்கான மாத உணவுப்படியை 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்தியது. நாளுக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கும் சேர்த்து. 2025 ஜூலையில் அந்த விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதிகள்' என்று பெயர் வைத்தார்கள். பெயரை வரவேற்கலாம். '50 ரூபாயில் ஒரு நாள் சாப்பிட்டுப் படிக்க முடியுமா?' என்று தலைப்பு வைத்தால் பேச்சு சோற்றுக்கும் குழம்புக்கும் வந்துவிடும். கேட்பவரும் தன் கேன்டீன் கணக்கோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பார்.

அடுத்தது உதவித்தொகை. பட்டியல் சாதி மாணவர் மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை பெறக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். முன்னேறிய சாதியினருக்கு 2019இல் கொடுத்த 10 விழுக்காடு ஒதுக்கீட்டில் 'ஏழை' என்பதற்கான வரம்பு எட்டு லட்சம். இரண்டு எண்களையும் மேடையில் அருகருகே வைத்து, 'ஏழை யார்?' என்று கேளுங்கள். இடஒதுக்கீட்டால் தன் இடம் போய்விட்டது என்று நம்புகிற வகுப்புத் தோழருக்கும் அந்தக் கேள்வி போய்ச் சேரும்.

கடினமானது மூன்றாவது தலைப்பு: நட்பு. ஓமலூர் கோகுல்ராஜ் பொறியியல் படித்தவர். தன்னோடு கல்லூரியில் படித்த பெண்ணுடன் திருச்செங்கோடு கோயிலில் இருந்தார் என்பதற்காக 2015 ஜூனில் கடத்திக் கொல்லப்பட்டார். 2022இல் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவரும் அவர் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்தவர்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில் மாணவர்கள் வண்ணக்கயிறு கட்டுவதைத் தடுக்கப் பரிந்துரைத்தது. அரசாணைக்குக் காத்திருக்காமல் ஒருவர் இன்றே அவிழ்க்கக்கூடியது அந்தக் கயிறு. 'உன் கையில் இருப்பதை அவிழ்த்துவிட்டு வா' என்று நண்பனை இணங்கவைக்கும் ஐந்து நிமிடப் பேச்சு, எந்தக் கோப்பையையும்விட மேல்.

ஆனால் அதை யார் பேசுவது? கல்லூரிகளில் சாதி பற்றிப் பேச ஆள் தேவைப்பட்டால் உடனே தலித் மாணவரைத் தேடுகிறார்கள். அவர் தன் காயத்தைத் திறந்து காட்ட வேண்டும், மற்றவர்கள் கண்கலங்க வேண்டும். இந்த ஏற்பாட்டை நான் ஏற்பதில்லை. கயிறு பற்றிப் பேச வேண்டியவர் கயிறு கட்டும் தெருவிலிருந்து வரும் மாணவர். நம் மாவட்டத்தின் தென்முடியனூரில் தலித் மக்கள் 2023 ஜனவரி 30 அன்றுதான், அதுவும் காவல்துறைப் பாதுகாப்போடு, முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போக முடிந்தது. அதைப் பற்றிக் கேள்வி கேட்கும் கடமை, கதவை அடைத்து வைத்திருந்தவர்களின் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் முதலில். தலித் மாணவி ஒருவர் கருந்துளை பற்றிப் பேச விரும்பினால், அவர் அதைத்தான் பேச வேண்டும்.

'இந்தத் தலைப்பு வேண்டாம், பிரச்சினை வரும்' என்று சொல்கிறவர்களும் இருப்பார்கள். லாகூரின் ஜாத் பாத் தோடக் மண்டல் தன் 1936ஆம் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை ஏற்க அண்ணல் அம்பேத்கரை அழைத்தது. உரையைப் படித்ததும் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. அவர் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மறுத்தார், மாநாட்டையே கைவிட்டார்கள். தன் செலவில் அவர் அச்சிட்ட அந்த உரைதான் 'சாதி ஒழிப்பு'. மேடை மறுக்கப்பட்டாலும் பேச்சு மிஞ்சும். விடுதி வராந்தா இருக்கிறது, பேருந்தின் கடைசி இருக்கை இருக்கிறது.

தோழர்களே, அடுத்த போட்டி அறிவிப்பு வரும்போது இணையத்தில் தலைப்பு தேட வேண்டாம். உங்கள் கல்லூரியில் எந்த மேசையில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், உதவித்தொகை வராததால் யாருக்குத் தேர்வு நுழைவுச்சீட்டு தாமதமாகிறது, யாருடைய பெயரைக் கேட்டதும் ஊர் எது, தெரு எது என்று அடுத்த கேள்வி வருகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். அதில் ஒன்றை எடுத்து, அதை மறுக்கக்கூடிய ஒருவரை மனத்தில் வைத்து, அவரிடம் பேசுவது போலவே எழுதுங்கள்.