பெயரைக் கேட்டு வாங்காதீர், எண்ணைக் கேட்டு வாங்குவீர்!

பேரேடும் சிட்டையும் இருந்த நம் கல்லா மேசையில் இன்று மடிக்கணினி அமர்ந்திருக்கிறது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு பில் போடுவதும், இருப்புப் பார்ப்பதும், ரிட்டர்ன் அனுப்புவதும் அதில்தான். சிறு மளிகைக் கடைக்காரருக்கு இது சாதாரணச் செலவல்ல. ஆயினும் பத்து மூட்டை அரிசி வாங்கும்போது காட்டும் விழிப்பை இதில் நாம் காட்டுவதில்லை. "ஐ5 லேப்டாப், நல்ல கம்பெனி" என்று கடைக்காரர் சொன்னதும் பணத்தை எண்ணி வைத்து விடுகிறோம்.

மண்டியில் ஒருவர் "பொன்னி" என்று மட்டும் சொன்னால் நாம் வாங்கி விடுவோமா? பச்சையா புழுங்கலா, புதுசா பழசா, எந்த ஆலை என்று கேட்க மாட்டோமா? ஐ5 என்பதும் பொன்னியைப் போல ஒரு ரகப் பெயரே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பழைய அரிசிக்கு விலை கூடும். பழைய கணினிக்கு விலை குறைய வேண்டும்.

ஐ5 என்ற பெயர் மடிக்கணினிகளில் 2010-லேயே வந்து விட்டது. எனவே அந்தப் பெயர் வயதைச் சொல்லாது. அதை அடுத்து வரும் எண்தான் சொல்லும். ஐ5-7200யு என்றால் ஏழாம் தலைமுறை. ஐ5-8250யு என்றால் எட்டாம் தலைமுறை. ஐ5-1235யு என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. எண் 1-ல் தொடங்கினால் அடுத்த இலக்கத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

இந்த ஓர் இலக்கத்தில் நம் பணம் அடங்கியிருக்கிறது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாப்ட் அனுமதிப்பதோ, ஒரு சில விலக்குகள் தவிர, இன்டெல் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கே. ஆக, மேலே சொன்ன ஏழாம் தலைமுறை ஐ5-க்கு அந்த அனுமதி இல்லை. எட்டாம் தலைமுறை ஐ5-க்கு உண்டு. இரண்டின் மேலும் இருப்பது "ஐ5" என்ற வில்லைதான். மலிவு என்று முன்னதை வாங்கியவர், வங்கிக் கணக்கையும் ஜி.எஸ்.டி. கடவுச்சொல்லையும் பூட்டில்லாத பெட்டியில் வைத்தவராகிறார்.

பழைய சரக்கில்தான் இந்த ஆபத்து என்று எண்ண வேண்டாம். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு இரண்டையும் பாருங்கள். இரண்டும் "ரைசன் 5". இரண்டும் 7000 வரிசை. ஆனால் மூன்றாம் இலக்கமே உள் வடிவமைப்பைக் காட்டுவது. முன்னது 2019-ல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, நான்கு கோர். பின்னது ஜென் 3, ஆறு கோர். இன்டெல் நிறுவனமும் 2023-ல் "ஐ" எழுத்தை விட்டு விடுவதாக அறிவித்தது. அதன்பின் "கோர் 5", "கோர் அல்ட்ரா 5" என்று இரு வரிசைகள் வந்தன. ஒரு சொல்தான் வித்தியாசம், சரக்கு வேறு.

தயாரிப்பாளர்களும் பலகையை மாற்றி எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். டெல்லில் இன்ஸ்பிரான் வீட்டுக்கு, லாட்டிட்யூட் அலுவலகத்துக்கு என்று நாம் பழகியிருந்தோம். 2025 ஜனவரியில் டெல், டெல் புரோ, டெல் புரோ மேக்ஸ் என்று புதுப் பெயர்கள் அறிவிக்கப்பட்டன. எச்.பி. 2024-ல் ஆம்னிபுக் என்ற பெயரைக் கொண்டு வந்தது. லெனோவாவில் திங்க்பேட் அலுவலக வரிசை, ஐடியாபேட் வீட்டு வரிசை. எளிமைக்காகவே மாற்றுகிறோம் என்கிறார்கள். யாருக்கு எளிமை?

நாம் விற்கும் கால் கிலோ மிளகாய்த்தூள் பாக்கெட்டில் எடையோ, மாதமோ, விலையோ விடுபட்டால் அபராதம் நம் தலையில். மடிக்கணினிப் பெட்டியிலும் தயாரித்த மாதம் அச்சிடப்படுகிறது. ஆனால் உள்ளிருக்கும் புராசஸர் எந்த ஆண்டு வடிவமைப்பு என்பதை எண்ணுக்குள் ஒளித்து வைக்கலாம். அதையும் பெட்டியின் மேல் தெளிவாக அச்சிட வேண்டும் என்று வணிகர் அமைப்புகள் கேட்பதில் தவறே இல்லை.

அதுவரை நம் கையில் இருப்பது பில். "லேப்டாப் - 1" என்று எழுதிய பில்லை ஏற்க வேண்டாம். முழு மாடல் எண், புராசஸர் எண், ரேம், எஸ்.எஸ்.டி. அளவு, சீரியல் எண் அனைத்தும் அதில் இருக்கட்டும். நம் ஜி.எஸ்.டி. எண்ணும் இருக்கட்டும். மடிக்கணினிக்கு வரி 18 சதவீதம். தொழிலுக்கு வாங்கினால் உள்ளீட்டு வரி வரவு கோரலாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு அது கிடைக்காது. பழையது வாங்குவோர், கணினியைப் போட்டு செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்ற இடத்தில் புராசஸர் எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்கவும்.

பில் போடவும் கணக்கு வைக்கவும் ஐ7 தேவையே இல்லை என்பது நம் கருத்து. பழைய தலைமுறை ஐ7-ஐ விட, புதிய தலைமுறை ஐ3-யும் 8 ஜி.பி. ரேமும் எஸ்.எஸ்.டி.யும் மளிகைக் கடைக்குப் போதுமானவை. பெரிய எண்ணைக் காட்டிப் பெரிய விலை சொன்னால் மயங்க வேண்டாம்.

நம் உறுப்பினர்களிலேயே கணினி விற்போரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலைப்பட்டியலில் "ஐ5" என்று நிறுத்தாமல் முழு எண்ணையும் எழுதுங்கள். எடை குறையாமல் நிறுத்துக் கொடுக்கும் கடைக்கு வாடிக்கையாளர் மறுபடி வருவார் என்பதை வணிகருக்கு வணிகர் சொல்ல வேண்டியதில்லை.