பைப் எடை: தப்பு கம்ப்யூட்டரில் இல்லை

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில், திரையில் வரும் எண் எல்லாம் சரி என்றே தோன்றும். எனக்கும் அப்படித்தான். மாடியில் ஷெட் போட ஒன்றரை இஞ்ச் ஜி.ஐ. பைப் பத்து வாங்கப் போனபோது, எக்செல்லில் எடை கணக்குப் போட்டு பிரின்ட் எடுத்துக்கொண்டு போனேன். 6 மீட்டர் பைப் ஒன்று 16.5 கிலோ என்றது என் தாள். கடைத் தராசு 21 கிலோவுக்கு மேல் காட்டியது. விலையோ கிலோ கணக்கு. "தராசைக் கொஞ்சம் சரி பாருங்கண்ணே" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசாமல் பைப்பின் வாயில் குறுக்கே ஸ்கேலை வைத்தார். 48 மில்லிமீட்டர்! நான் டைப் செய்திருந்தது 38.1.

ஒன்றரை இஞ்ச் என்பது ஜி.ஐ. பைப்புக்கு வெறும் பெயர்தான். அதன் வெளி விட்டம் 48.3 மி.மீ. கனம் 3.2 மி.மீ. என்றால் உள் விட்டம் 41.9. எங்கே அளந்தாலும் 38.1 வராது! ஆனால் கைப்பிடிகளுக்கு வாங்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயில் ஒன்றரை இஞ்ச் என்றால் வெளி விட்டமே 38.1தான். பிறகு ஏன் குழம்ப மாட்டோம்?

பார்முலா எளிது. ஏ2 செல்லில் வெளி விட்டம், பி2 செல்லில் கனம், இரண்டும் மில்லிமீட்டரில். சி2 செல்லில் =(ஏ2-பி2)*பி2*0.02466 என்று (செல் பெயர்களை ஆங்கில எழுத்தில்) டைப் செய்து என்டர் தட்டுங்கள். ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். என் பைப்புக்கு 3.56, ஆறால் பெருக்கினால் 21.35. துத்தநாகப் பூச்சு இன்னும் கொஞ்சம் கூட்டும்.

"சைஸ்" என்று மட்டும் கேட்கும் ரெடிமேட் கால்குலேட்டர்களை நான் இப்போது தொடுவதில்லை. எந்த விட்டம் என்று கேட்காத கணக்கை எப்படி நம்புவது? நாமே போட்ட தாளில் "வெளி விட்டம், மி.மீ." என்று தலைப்பு எழுதி வைக்கலாம். எக்செல் இல்லாதவர்களுக்கு லிப்ரே ஆபிஸ் கால்க் இலவசமாகவே கிடைக்கிறது.

கனத்திலும் கவனம் தேவை. 16 கேஜ் என்பது சுமார் 1.6 மி.மீ. பி2 செல்லில் 16 என்றே போட்டால், 38.1 மி.மீ. குழாய்க்கு ஆறு மடங்கு எடை வரும். கம்ப்யூட்டர் முணுமுணுக்கக்கூட செய்யாது.

0.02466 என்பது இரும்புக்கு மட்டும்: பையை 7.85 என்ற அடர்த்தியால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தது. 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு 0.0249, அலுமினியத்துக்கு 0.0085 போடுங்கள். கடைக்குக் கிளம்பும்போது பிரின்டோடு ஒரு வெர்னியர் காலிப்பரும் பையில் இருக்கட்டும்.