அடக்கமான பிள்ளை என்று எழுதிவிட்டுக் கடந்து போகலாமா?

ஓட்டிசம் என்றதும் எமது மனக்கண்ணில் வருவது பெரும்பாலும் ஓர் ஆண் பிள்ளைதான். பேச்சுப் பிந்தியவன், பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பார்க்காதவன், விளையாட்டுக் காரின் சில்லையே சுற்றிக்கொண்டிருப்பவன்.

இந்தச் சித்திரத்துக்கு வரலாறு உண்டு. 1943இல் லியோ கானர் விவரித்த 11 பிள்ளைகளில் 8 பேர் ஆண்கள். மறுவருடம் ஹான்ஸ் அஸ்பெர்கர் விவரித்த நால்வருமே ஆண்கள். பிற்கால அளவுகோல்களும் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைப் பார்த்தே உருவாகின. நான்கு ஆண்களுக்கு ஒரு பெண் என்று நீண்டகாலம் சொல்லப்பட்டது. 2017இல் வெளியான மீளாய்வொன்று, அது மூன்றுக்கு ஒன்று என்பதற்கு நெருக்கமானது என்றது. பல பெண் பிள்ளைகள் கண்ணில் படாமலே போயிருக்கிறார்கள்.

காரணம், பலரிடம் அடையாளங்கள் வேறு விதமாக வெளிப்படுகின்றன. ஆண் பிள்ளை ரயில் நேர அட்டவணையை மனப்பாடம் செய்தால் வியப்போடு பார்க்கிறோம். பெண் பிள்ளை பூனைகளிலோ கதைப் புத்தகங்களிலோ மூழ்கிக் கிடந்தால் சாதாரணம் என்கிறோம். பார்க்க வேண்டியது விடயத்தையல்ல, அதில் மூழ்கும் ஆழத்தை. இன்னொன்று, மறைத்தல். மற்றவர்கள் எப்படிச் சிரிக்கிறார்கள், எப்போது பேசுகிறார்கள் என்று கவனித்து அப்படியே செய்வது. பேசப்போகும் வசனத்தை முன்கூட்டியே ஒத்திகை பார்ப்பது. ஆண்களும் இப்படி மறைப்பதுண்டு. பெண்களிடம் இது அதிகம்.

பல வருடங்களுக்கு முன் எனது வகுப்பில் ஒரு மாணவி இருந்தார். ஒரே ஒரு தோழி. அவர் எழுந்தால் எழுவார், சிரித்தால் சிரிப்பார். முன்னேற்ற அறிக்கையில் "அமைதியான, அடக்கமான பிள்ளை" என்று எழுதினேன். தோழி வேறு பாடசாலைக்கு மாறிச் சென்றதும் இவரது வரவு நின்றது. தாய் வந்து சொன்னார்: "டீச்சர், அவ முந்தியும் ஸ்கூல் விட்டு வந்தா கதவப் பூட்டிட்டு அழுறவ." அவருக்கு ஓட்டிசம் இருந்ததா என்று சொல்ல நான் வைத்தியர் அல்ல. ஆனால் அந்தக் கேள்வியை நாம் யாருமே கேட்கவில்லை என்பதே இன்றும் என்னை உறுத்துகிறது.

பெண் பிள்ளையின் மௌனத்தை ஒழுக்கமாகப் பாராட்டுவது எமது வழக்கம். கல்யாண வீட்டுச் சத்தம் தாங்காமல் ஒதுங்கினால் "பெருமை பிடித்தவள்" என்கிறோம். குமர்ப் பிள்ளையானால், "கலியாணம் முடித்தால் சரியாகிவிடும்" என்கிறோம். சரியாவதில்லை, மறைக்க வேண்டிய இடம் மட்டும் மாறுகிறது. பதற்றம், மனச்சோர்வு என்று மருந்தெடுத்து, தனது பிள்ளைக்கு ஓட்டிசம் எனக் கண்டறியப்பட்ட பிறகே தன்னையும் அடையாளம் காணும் தாய்மார் உலகெங்கும் இருக்கிறார்கள்.

அமைதியான எல்லாப் பிள்ளைகளுக்கும் ஓட்டிசம் என்பதல்ல இதன் பொருள். பாடசாலையில் பிரச்சினையே இல்லாத பிள்ளை வீட்டுக்கு வந்ததும் உடைந்து போகிறதா என்று பெற்றோரும் ஆசிரியரும் ஒருவரையொருவர் கேட்க வேண்டும். ஐயம் இருந்தால் அரசாங்க வைத்தியசாலையின் சிறுவர் அல்லது உளநல வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஓட்டிசம் குணப்படுத்த வேண்டிய நோயல்ல; ஆனால் பெயர் தெரிந்தால் உதவ முடியும். இடைவேளையில் ஒதுங்கியிருக்க ஓர் அமைதியான மூலை, எழுத்தில் தெளிவான அறிவுறுத்தல் போன்றவற்றுக்குப் பணம் தேவையில்லை.

அடுத்த தவணை அறிக்கையில் "அடக்கமான பிள்ளை" என்று எழுத முன்னர், அந்தப் பிள்ளையின் தாயிடம் ஒரு வார்த்தை கேட்போம்.