மொட்டைமாடியில் காயும் வெயில்

கார்த்திகைத் தீபத்தன்று மாலை திருவண்ணாமலையில் மொட்டைமாடிகள் மக்களால் நிறைந்துவிடும். 2,668 அடி உயர மலையுச்சியில் சுடர் தெரிந்த பிறகே வீட்டில் விளக்கேற்றுவது வழக்கம். மற்ற நாள்களில் அம்மாடிகளில் வற்றல் காயும். பெரும்பாலும் வெயில் மட்டுமே காயும். கிரிவலப் பாதையில் சூரிய லிங்கத்தையும் வணங்கிச் செல்லும் ஊர் இது.

அந்த வெயிலை மின்சாரமாக்க வழியில்லாமல் இல்லை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம், 75,021 கோடி ரூபாயில் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது. மூன்று கிலோவாட் தகடுகளுக்கு மானியம் 78,000 ரூபாய். நல்ல வெயிலில் அவை நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 அலகு தரும். இரண்டு மாதக் கணக்கில் 500 அலகைத் தாண்டி உயர்கட்டணத்தில் சிக்கும் குடும்பத்துக்கு இது சிறிய ஆறுதலன்று. ஆனால் இத்திட்டம் 2026-27 நிதியாண்டோடு முடிகிறது. மானியமோ முன்னதாக வருவதில்லை. தகடு பொருத்தி, இருவழி மீட்டர் மாட்டி, ஆய்வும் முடிந்த பின்னரே வங்கிக் கணக்கை அடைகிறது. கைப்பொருள் உள்ளவர் முந்திக்கொள்கிறார். இல்லாதவர் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் கெடு வந்துவிடும்.

விடுதிகளும் உணவகங்களும் இந்த மானியத்துக்குள் வாரா. அவற்றுக்குரியது வருமான வரியில் விரைவுத் தேய்மானச் சலுகை. ஓராண்டில் 80 விழுக்காடு கழிக்க முடிந்த நிலை போய், 2017 ஏப்ரல் முதல் அது 40 ஆனது. தகடுகள் மீதான சரக்கு, சேவை வரி 2021 அக்டோபரில் 5 விழுக்காட்டிலிருந்து 12 ஆக ஏறி, 2025 செப்டம்பரில் மீண்டும் 5 ஆக இறங்கியது. 2019 கொள்கையில் தமிழ்நாடு தந்த மின்வரி விலக்கும் இரண்டே ஆண்டுக்குத்தான். 25 ஆண்டு உழைக்கும் பொருளை இத்தகைய வரிகளை நம்பி யார் வாங்குவார்? ஜெர்மனி 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சூரிய மின்சாரத்துக்கான விலையை 20 ஆண்டுக்கு உறுதி செய்தது. அமெரிக்காவோ 2034 வரை நீளவிருந்த, வீட்டுச் சூரியத் தகடுகளுக்கான வரிச்சலுகையை 2025 இறுதியோடு முடித்துவிட்டது. நாம் எவ்வழி செல்லப்போகிறோம்?

மின்வாரியத்தின் குறையையும் தள்ளிவிட இயலாது. பகலில் கம்பிக்கு மின்சாரம் கொடுக்கும் வீடு, பௌர்ணமி இரவில் அதே கம்பியிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. மின்மாற்றியைக் காக்கும் செலவு வாரியத்தின் தலையில். இது சலுகையை வெட்டுவதற்குக் காரணமாகாது. பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்கும் மின்கலத்தையும் சலுகைக்குள் சேர்க்க வேண்டும் என்பதற்கே காரணமாகும்.

ஆகவே வீட்டு மானியத்தைப் பத்தாண்டுக்கு நீட்டிக்க வேண்டும். பிற்காலத்தில் குறைப்பதானால், எந்த ஆண்டில் எவ்வளவு என்பதை இன்றே சட்டத்தில் எழுதிவிடலாம். சிறு விடுதிகளுக்கேனும் 80 விழுக்காட்டுத் தேய்மானம் திரும்ப வேண்டும். மானியத்தில் ஒரு பகுதியைத் தகடு வாங்கும்போதே தருவது ஏழைக் குடும்பங்களுக்குப் பேருதவியாகும். நிதிநிலை அறிக்கை பிப்ரவரி முதல் நாளில் தாக்கலாகிறது. அதற்கு முன்னரே திருவண்ணாமலை, ஆரணித் தொகுதிகளின் மக்களவை உறுப்பினர்கள் இக்கோரிக்கையை நிதியமைச்சகத்தில் எழுத்தில் வைக்கட்டும்; மின்வரி விலக்கைச் சட்டப்பேரவையில் எழுப்புவது மாவட்டத்தின் பேரவை உறுப்பினர்கள் பொறுப்பு.