கவுன்ரி வேலைக்குப் பிள்ளையை அனுப்பலாமா?

ஒன்ராறியோவில் 'வெல்ஃபெயர்' கொடுப்பது மாகாண அரசு என்றுதான் எங்களில் கனபேர் நினைக்கிறோம். சட்டமும் காசும் மாகாணத்தினுடையவைதான். ஆனால் மேசைக்கு முன்னால் இருந்து ஃபைலைத் திறக்கிற ஆள் பெரும்பாலும் மாகாண ஊழியர் இல்லை. ஒன்ராறியோ வேர்க்ஸ் திட்டத்தை 47 உள்ளூர் அமைப்புகள் நடத்துகின்றன. 37 நகராட்சிகளும் கவுன்ரிகளும். மிச்சம் 10, வடக்கில் உள்ள மாவட்ட சமூக சேவைச் சபைகள். முதற்குடி மக்களின் ஒழுங்கு தனி. ரொறன்ரோவுக்கு ஒன்று, ரென்ஃப்ரூ கவுன்ரிக்கு வேறொன்று. கோடையில் நாங்கள் கொட்டேஜ் எடுக்கிற ஹாலிபேர்ட்டனுக்குப் பக்கத்து கவார்த்தா லேக்ஸ் நகராட்சிதான் பொறுப்பு.

இதன் அர்த்தம், இந்த வேலையைத் தருகிற முதலாளிகள் 47 பேர். மாகாண அரசின் வேலைப் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு இதில் பாதி கண்ணிலேயே படாது. ஒவ்வொரு கவுன்ரியின் பக்கத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேணும்.

சொஃப்ற்வெயர்காரனுக்கு இதெல்லாம் என்னத்துக்கு என்று கேட்பீர்கள். என் சித்தியின் மகள் சோஷல் சேர்விஸ் வேர்க்கர் டிப்ளோமா முடித்துவிட்டு, நாலு மணித்தியால ஓட்டத்தில் உள்ள ஒரு கவுன்ரியில் கேஸ்வேர்க்கர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். ஒரு வருட கொன்ட்ராக்ட். சித்தி எனக்குப் போன் எடுத்தா. "தம்பி, நீயாவது சொல்லன். ஆரும் தெரியாத இடத்தில போய் பிச்சைக்காசு குடுக்கிற வேலையோ? உன்ர கொம்பனியில ஏதாவது பாரன்."

அந்தப் 'பிச்சைக்காசு' என்ற சொல்தான் எனக்குக் குத்தியது. 80களின் கடைசியிலும் 90களிலும் அகதி வழக்குக்காகக் காத்திருந்த எங்கட எத்தனை வீடுகளில் அந்தக் காசில்தான் வாடகை கட்டுப்பட்டது! 1995 ஒக்ரோபரில் மைக் ஹரிஸ் அரசு அதை 21.6 வீதம் வெட்டியது. அந்த வயதில் எனக்குக் கணக்கு விளங்காது. ஆனால் வெல்ஃபெயர் வேக்கர் வாறா என்றால் வீடு கூட்டி, கடிதங்களை அடுக்கி வைத்துக்கொண்டு பெரியவர்கள் இருந்தது ஞாபகம் இருக்கிறது. வந்தவ நல்லவவா கெட்டவவா என்பதில் அந்த மாதமே தங்கியிருந்தது. அந்தக் கதிரையில் எங்கட பிள்ளை ஒன்று இருக்கப் போகிறது என்றால் அது குறைச்சலான வேலை இல்லை.

ஆனால் நல்ல வேலை என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பவும் சொல்லமாட்டேன். என் தொழில் தெரிந்த ஒரு கதையைச் சொல்கிறேன்.

2014 நவம்பரில் ஒன்ராறியோ, சமூக உதவிக் கொடுப்பனவுகளுக்காக சாம்ஸ் என்ற புதிய மென்பொருளை இயக்கியது. கடுமையான குறைகள் இருப்பது தெரிந்துகொண்டே இயக்கியது. தொடங்கின கையோடு சுமார் 17,000 பேருக்கு 20 மில்லியன் டொலர் கூடுதலாகக் கணக்குப் போட்டது. அடுத்த வருடம் டிசெம்பரில் கணக்காய்வாளர் நாயகம் பொனி லைசிக் அறிக்கை வெளியிட்டார். மொத்தச் செலவு சுமார் 290 மில்லியன் டொலர். பிழையாகக் கணக்கிட்ட தொகை சுமார் 140 மில்லியன் வரை இருக்கலாம்: 89 மில்லியன் கூடுதலாக, 51 மில்லியன் குறைவாக.

எங்கட கொம்பனியில் ஒரு பிழை வந்தால் ரிக்கெற் போடுவோம், வெள்ளிக்கிழமைக்குள் திருத்துவோம். அங்கே ஒரு பிழை வந்தால் ஒருவருக்கு வாடகைக் காசு வராது. கூட வந்தால் இன்னும் கஷ்டம்: பிறகு வருகிற மாதங்களில் அது வெட்டப்படலாம். அந்த மனிசருக்கு பதில் சொல்லவேண்டியது மென்பொருள் எழுதினவர் அல்ல, முன்னால் இருக்கிற கேஸ்வேர்க்கர். கையால் கணக்குப் பார்த்து, சிஸ்டத்தைச் சுற்றி வழி கண்டுபிடித்து, ஏச்சும் வாங்கியது அவர்கள்தான். பெரிய நகரத்தில் ஒரு தளம் நிறைய ஆட்கள் இருப்பார்கள், பக்கத்து மேசையில் கேட்கலாம். சின்ன ஊரில் அலுவலகம் சின்னன். காலையில் 'உங்களுக்குத் தகுதி இல்லை' என்று சொன்ன ஆளைப் பின்னேரம் பலசரக்குக் கடையில் சந்திப்பாள். அப்போது தெரியாத மாதிரியும் போகமுடியாது, ஃபைலைப் பற்றிக் கதைக்கவும் முடியாது.

வேலையும் மாறிவிட்டது. 2020இல் பீல், ஹமில்ரன்-நயாகரா, முஸ்கோகா-கவார்த்தா ஆகிய மூன்று பகுதிகளில் வேலை தேடிக் கொடுக்கும் பொறுப்பை வெளி அமைப்புகளிடம் கொடுக்கத் தொடங்கினார்கள். பீலில் அது டபிள்யூசிஜி என்ற நிறுவனம், கவார்த்தா பக்கம் ஃபிளெமிங் கல்லூரி. பிறகு மற்றப் பகுதிகளுக்கும் அது போனது. கேஸ்வேர்க்கரிடம் மிஞ்சியிருப்பது வீடு, மனநலம், போதை, பிள்ளை பராமரிப்பு போன்ற சிக்கல்கள். பழைய வேலை விளக்கத்தை வைத்துக்கொண்டு நேர்முகத்துக்குப் போகவேண்டாம் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

இனி விளம்பரத்தை வாசிக்கிற விதம். 'தற்காலிகம், 12 மாதம் வரை' என்றால் பெரும்பாலும் யாரோ பிரசவ விடுப்பில் போயிருக்கிறார். அவர் திரும்பி வந்தால் என்ன நடக்கும் என்று கேட்கலாம். 'ஜி லைசென்ஸ், சொந்த வாகனம்' என்றிருந்தால் அதைச் சும்மா போட்ட வரியாக எடுக்கவேண்டாம். அங்கே ரிரிசி பஸ் இல்லை. பெப்ரவரியில் பனிக்குள் ஓடவேண்டி வரும், நல்ல விண்ரர் ரயருக்குக் காசு எடுத்து வையுங்கள். பொலிஸ் சான்றிதழ் கேட்பார்கள், அது வரக் கிழமைகள் எடுக்கலாம், முன்கூட்டியே போடுங்கள்.

நகராட்சி வேலை என்றால் ஓமர்ஸ் ஓய்வூதியம் உண்டா என்று பாருங்கள். 2023 ஜனவரி முதல் முழுநேரம் இல்லாத ஊழியர்களும் காத்திருக்காமல் அதில் சேரலாம். ஆனால் அது தானாக நடக்காது, சேர விருப்பம் என்று பிள்ளை சொல்லவேணும். 23 வயதுப் பிள்ளைக்கு ஓய்வூதியம் பகிடியாக இருக்கும். அதனால்தான் பெற்றோருக்குச் சொல்கிறேன்.

விளம்பரத்தில் எழுதியிருக்காத மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஒரு ஆளுக்கு எத்தனை ஃபைல்? சிஸ்டம் பிழை விட்டால் யாரிடம் போவது, எவ்வளவு நேரத்தில் பதில் வரும்? தனியாக வீட்டுக்குப் போய்ப் பார்க்கும்போது பாதுகாப்புக்கு என்ன ஒழுங்கு? இந்த மூன்றுக்கும் நேரான பதில் தருகிற இடத்தில் வேலை செய்யலாம். மழுப்புகிற இடத்துக்கு எங்கட பிள்ளை போகவேண்டாம்.

கடைசியாக ஒரு இலக்கம். தனி ஆளுக்கு ஒன்ராறியோ வேர்க்ஸ் மாதத்துக்குக் கூடியது 733 டொலர். 2018இலிருந்து அது ஏறவில்லை. இப்ப ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற் அறைக்கு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். அந்த 733 டொலரை வைத்துக்கொண்டு ஒருவர் முன்னால் வந்து இருக்கும்போது, அவருக்கு வேறு என்னென்ன உரிமை இருக்கு என்று தேடிப் பார்க்கிற ஆளும் உண்டு, அடுத்த ஆளைக் கூப்பிடுகிற ஆளும் உண்டு. எங்கட பிள்ளை முதலாவது ஆளாக இருக்கும் என்று நீங்கள் நம்பினால் தடுக்காதீர்கள். ரயரை மட்டும் மாற்றிக் கொடுங்கள்.